சென்னையிலிருந்து டொராண்டோ: எந்த வழியாக, எத்தனை மணி நேரம்?

அம்மா மூன்றாவது முறையாகச் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு வரவிருக்கிறார். வயது எழுபத்திரண்டு, மூட்டுவலி உண்டு, ஆங்கிலம் வாசிப்பார், பேசத் தயங்குவார், வருவது தனியாக. முதல் இரண்டு முறையும் கட்டணத்தையும் மொத்தப் பயண நேரத்தையும் மட்டுமே பார்த்துப் பயணச்சீட்டு எடுத்தேன். இரண்டு முறையும் நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட ஏதோ ஒன்றை அம்மாவின் உடம்பு தாங்க வேண்டியிருந்தது. ஆகவே இம்முறை தூரம், பறக்கும் நேரம், காத்திருக்கும் நேரம், பயணம் எந்த இடத்தில் இரண்டாக உடைகிறது என்பது ஆகிய நான்கையும் தனித்தனியே எடுத்துக் கணக்கிட்டேன். பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கும் மற்றவர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்.

முதலில் தூரம். மகளின் மேசையில் முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று இருக்கிறது. சென்னையில் ஒரு நூலின் முனையை விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை டொராண்டோ வரை இழுத்து விறைப்பாகப் பிடித்தேன். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண், நூல் மேற்கே அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று போகும் என எதிர்பார்க்கிறது. நூலோ ஏறத்தாழ நேர் வடக்கே ஏறியது. டெல்லிக்குச் சற்று மேற்கே கடந்து, லாகூருக்கு அருகில் சென்று, தாஷ்கண்டைத் தொட்டு, ரஷ்யாவின் பெர்ம் நகரத்தின் மேலாக ஏறி, நார்வேயின் வடகிழக்கு முனையைத் தாண்டிக் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே வெட்டி, கியூபெக் வழியாகக் கீழே இறங்கியது. பூமி உருண்டையாக இருப்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி இதுதான். அதன் நீளம் ஏறத்தாழ 13,390 கிலோமீட்டர். உருண்டையின் மேல் அளந்தபோது நூல் முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் இருந்தது.

பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொண்டால், இந்தத் தூரத்தைக் கடக்கப் பதினைந்து மணி நேரம் போதும். அப்படிப் பறக்கக்கூடிய விமானங்களும் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கும் மேல் இடைநில்லாமல் பறக்கிறார்கள். ஆனால் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. ஆகவே முடிவு செய்ய வேண்டியது எந்த ஊரில் இறங்கி மாறுவது என்பதைத்தான்.

டெல்லி வழியாகப் போனால் 1,760 கிலோமீட்டரும் 11,640 கிலோமீட்டரும் சேர்ந்து 13,400 ஆகிறது. நேர்க்கோட்டைவிடக் கூடுவது பத்து கிலோமீட்டர் அளவுதான். மீனம்பாக்கத்திலிருந்து கிண்டி, சைதாப்பேட்டை தாண்டிப் போகும் தூரம். பிராங்க்ஃபர்ட் வழியாக 7,590-உம் 6,340-உம் சேர்ந்து சுமார் 13,930 ஆகிறது. லண்டன் வழியாக 8,230-உம் 5,710-உம் சேர்ந்து சுமார் 13,940. இரண்டு ஐரோப்பிய ஊர்களுக்கும் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடலாம். துபாய் வழியாக 2,930-உம் 11,080-உம் சேர்ந்து 14,010. தோஹா வழியாகச் சுமார் 14,160. கிழக்கே திரும்பி ஹாங்காங் வழியாகப் போனால் 16,260 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. உருண்டையில் நூலை வைத்து அளந்தால் பிராங்க்ஃபர்ட், லண்டன், துபாய் ஆகிய மூன்று வழிகளும் நேர்வழியைவிட ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் கூடவில்லை. ஒரு விரலின் அகலம்கூட இல்லை. ஹாங்காங் ஒன்றுதான் ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு விலகி நிற்கிறது. இடையில் யாரையாவது பார்த்துச் செல்ல வேண்டியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அந்த வழி வேண்டியதில்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் டெல்லியைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் உருண்டையின் மேல் நூல் போகும் வழி எல்லாம் வானத்தில் திறந்திருப்பதில்லை. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் அந்நாட்டு விமானங்களுக்கு மூடியது. உக்ரைனின் வான்வெளி போர் தொடங்கிய நாளிலிருந்தே பயணிகள் விமானங்களுக்கு இல்லை. இந்திய நிறுவனங்களுக்கு ரஷ்யா தடை விதிக்கவில்லை என்பதால் டெல்லியிலிருந்து வட அமெரிக்கா செல்லும் இந்திய விமானங்களுக்கு அது ஒரு வசதியாக இருந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் அந்த வசதியும் குறைந்தது. டெல்லியிலிருந்து வடமேற்கே ஏற வேண்டிய விமானம் தெற்கே இறங்கிக் குஜராத், அரபிக்கடல் என்று சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எரிபொருள் நிரப்புவதற்காக ஐரோப்பாவில் இறங்கிச் சென்ற நாள்களும் உண்டு. அந்தத் தடை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு வந்தது. ஆகவே டெல்லி வழியை எடுக்க நினைப்பவர்கள், பயணம் செய்யும் மாதத்தில் வான்வெளி திறந்திருக்கிறதா, விமானம் இடையில் இறங்காமல் போகிறதா என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ளாமல் பணம் கட்டக் கூடாது என்பது என் கருத்து.

ஐரோப்பிய வழிகளும் நூல் போல நேராக இல்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கான மிகக் குறுகிய கோடு காஸ்பியன் கடலைத் தாண்டித் தெற்கு ரஷ்யா, உக்ரைன் வழியாகப் போகிறது. அங்கே பறக்க முடியாததால் விமானங்கள் துருக்கிப் பக்கமாக இறங்கி வளைந்து செல்கின்றன. நான் மேலே தந்த கிலோமீட்டர்கள் எல்லாம் பூமியின் வடிவம் தரும் கணக்கு. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் ஒவ்வொரு நாளும் காற்றையும் தடைகளையும் பார்த்து மாறும்.

அடுத்தது காற்று. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் கூடுதல். ஐரோப்பாவிலிருந்து டொராண்டோவுக்கு மேற்கு நோக்கிப் பறக்கும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. லண்டனிலிருந்து டொராண்டோவுக்கு எட்டு மணி நேரம் ஆகுமென்றால் டொராண்டோவிலிருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரம்தான் ஆகிறது. துபாயிலிருந்து டொராண்டோவுக்குச் சுமார் பதினான்கு மணி நேரம்; திரும்பும்போது பதின்மூன்றுக்கும் குறைவு. ஒரே வழி என்றாலும் போவதும் வருவதும் வேறு வேறு நேரம் எடுக்கும் என்பதை முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவைத்தால், திரும்பும் பயணத்தைப் பற்றிய அச்சம் பாதி குறையும்.

இப்போது பறக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம். பிராங்க்ஃபர்ட் வழியாகச் சுமார் பத்து மணி நேரமும் எட்டரை மணி நேரமும் சேர்ந்து பதினெட்டரை. லண்டன் வழியாகப் பத்தே முக்காலும் எட்டும் சேர்ந்து பதினெட்டே முக்கால். துபாய் வழியாக நாலேகாலும் பதினான்கும் சேர்ந்து பதினெட்டேகால். டெல்லி வழியாக, விமானம் நேரே போன காலத்தில் மூன்றும் பதினான்குக்குச் சற்று மேலும் சேர்ந்து பதினேழரை அளவில் இருந்தது. சுற்றிப் போகும்போது அந்தச் சேமிப்பு கரைந்துவிடுகிறது. ஆகக் காற்றில் இருக்கும் நேரத்தில் இந்த வழிகளுக்கிடையே அரைமணி, ஒருமணி அளவுக்குத்தான் வேறுபாடு. பயணச்சீட்டுத் தளங்கள் ஒன்றை இருபத்தொரு மணி நேரம் என்றும் இன்னொன்றைப் பத்தொன்பதரை மணி நேரம் என்றும் காட்டினால், அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி தரையில் காத்திருக்கும் நேரம்தான்.

மொத்த நேரத்தைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடும்போது பலரும் இடறுகிறார்கள். டொராண்டோ இந்தியாவைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம். சென்னையில் விடியற்காலை 5.30-க்குப் புறப்பட்டு அதே நாள் மாலை 5 மணிக்கு டொராண்டோவில் இறங்குகிறார் என்று சீட்டில் இருந்தால், கடிகாரம் பதினொன்றரை மணி நேரம் காட்டுகிறது; கோடையில் அதனுடன் ஒன்பதரையைக் கூட்டினால் கிடைக்கும் இருபத்தொரு மணி நேரம்தான் உண்மையான பயணம். சென்னைக் கணக்கில் அப்போது மறுநாள் அதிகாலை 2.30. அம்மாவின் உடம்புக்கு அது தூக்கத்தின் நடு நேரம். அந்த நேரத்தில்தான் அவர் குடிவரவு வரிசையில் நிற்கிறார். விமான நிலையத்துக்கு அழைக்கப் போகும் பிள்ளைகள் இதை மறந்துவிட்டு, வழியில் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்கிறோம்.

எனக்கு இப்போது மிக முக்கியமாகத் தெரிவது பயணம் எங்கே உடைகிறது என்பதுதான். முதல் முறை அம்மா வளைகுடா வழியாக வந்தார். நாலரை மணி நேரத்துக்கும் குறைவான முதல் பயணத்தில் அவருக்குக் களைப்பே இல்லை. மாறும் ஊரில் நடந்தார், தமிழ் பேசும் ஊழியர் ஒருவரிடம் வழி கேட்டார், காபி குடித்தார்; எல்லாம் நன்றாகவே இருந்தது. அதன் பிறகு பதினான்கு மணி நேரம். நடு இருக்கை. இரண்டு பக்கமும் உறங்குபவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு அவர் எழுந்ததே இரண்டு முறைதான். கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. டொராண்டோவில் வந்து இறங்கியபோது செருப்பின் வார் பாதத்தில் பதிந்து, கழற்றிய பின்னும் ஒரு மணி நேரம் அந்தத் தடம் மறையவில்லை. வீக்கம் வடிய இரண்டு நாளாயிற்று.

இது வெறும் அசௌகரியம் அன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வோருக்குக் காலின் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவிலான ஆபத்து அது. பெரிதன்று, ஆனால் முதியவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது கூடும். நீண்ட பயணத்தின் நடுவே இறங்கி இரண்டு மணி நேரம் நடமாட முடிந்தால் உடம்புக்கு அது நல்லது. 4 + 14 என்று உடைவதும் 10 + 8½ என்று உடைவதும் கூட்டுத்தொகையில் ஒன்றுதான், கால்களுக்கு ஒன்றல்ல. பிராங்க்ஃபர்ட்டும் லண்டனும் இந்தப் பயணத்தின் நடுப்பகுதிக்கு அருகில் அமைந்திருக்கின்றன. துபாயும் தோஹாவும் டெல்லியும் சென்னைப் பக்கமாகவே அமைந்துவிட்டதால், இளைப்பாறுதல் தேவைப்படாத நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு வரும் என் தோழி ஒருத்தி வளைகுடா வழியைத்தான் விரும்புகிறாள். குழந்தை ஒருமுறை உறங்கிவிட்டால் பத்து மணி நேரம் யாரும் எழுப்பாமல் இருப்பதுதான் அவளுக்குத் தேவை. நடுவழியில் எழுப்பிப் பாதுகாப்புச் சோதனைக்குத் தூக்கிச் செல்வது அவளுக்குத் தண்டனை. துபாயிலிருந்து டொராண்டோவுக்கு வரும் ஏ380 போன்ற பெரிய விமானத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாவ இடமும் இருக்கிறது. மொழியைப் பொறுத்தவரையும் வளைகுடாதான் எளிது. தமிழும் மலையாளமும் காதில் விழும் ஊர்கள் அவை. முதுகுவலியோ மூட்டுவலியோ இல்லாத, ஓர இருக்கை கிடைத்த ஐம்பது வயதுக்காரருக்கும் அந்த வழியில் குறையொன்றும் இல்லை.

இரண்டாவது முறை நான் செய்த பிழை வேறு. மொத்த நேரம் மிகக் குறைவாக இருந்த சீட்டைத் தேர்ந்தெடுத்தேன். மாறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது. முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்திருந்தும், விமானத்தின் வாசலில் அது வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. மற்றப் பயணிகள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, துப்புரவுப் பணியாளர்கள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த காலி விமானத்தில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த விமானம் போய்விட்டது. ஒரே பதிவு எண்ணில் எடுத்த சீட்டு என்பதால் மறுநாள் விமானத்தில் கட்டணமின்றி இடம் தந்தார்கள், தங்கும் அறையும் கிடைத்தது. ஆனால் இரத்த அழுத்த மாத்திரைகள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. சக்கர நாற்காலி தேவைப்படுபவருக்கு மாறும் நேரம் மூன்று மணிக்குக் குறையக் கூடாது என்றும், மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்றும் அன்று கற்றுக்கொண்டேன். இரண்டு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கி ஒட்டுப்போட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் மிச்சமானாலும் பெரியவர்களுக்கு அது வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது.

மாறும் இடத்தின் நடைமுறையும் கணக்கில் வர வேண்டும். டெல்லி வழியாக வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடியும். ஆனால் திரும்பும்போது இந்திய மண்ணில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பது பொது வழக்கம். இருபத்து மூன்று கிலோ பெட்டிகள் இரண்டை எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி பட்டையிலிருந்து இறக்குவதை நினைத்துப் பாருங்கள். பிராங்க்ஃபர்ட்டிலும் லண்டனிலும் செல்லுபடியாகும் கனடா விசா இருக்கும் இந்தியர்களிடம் வழக்கமாகத் தனி டிரான்சிட் விசா கேட்கப்படுவதில்லை. எனினும் விதிகள் மாறக்கூடியவை என்பதால், பெற்றோர் சூப்பர் விசாவில் வந்து நீண்ட காலம் தங்கித் திரும்பும்போது அந்த விசாவின் காலம் மீதமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும் வழியை முடிவு செய்வது பாதுகாப்பு. லண்டன் ஹீத்ரோவில் முனையம் மாற வேண்டியிருந்தால் பேருந்தும் மறுசோதனையும் சேரும்; ஒரே முனையத்துக்குள் மாறும் சீட்டாக இருந்தால் மட்டுமே லண்டனைப் பிராங்க்ஃபர்ட்டுக்கு இணையாக வைப்பேன்.

வானிலையைப் பொறுத்தவரை எந்த ஊரும் தப்பியதில்லை. டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் பனிமூட்டம். அதே மாதங்களில் பிராங்க்ஃபர்ட்டில் பனிப்பொழிவு, டொராண்டோவில் இறக்கைகளின் மேல் உறைந்த பனியைக் கரைத்த பின்பே புறப்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் பெருமழை துபாய் விமான நிலையத்தை முடக்கியது; 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹாவுக்குப் போன விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. மாதத்தை மாற்ற முடிந்தவர்கள் மே அல்லது செப்டம்பரில் வரவழைப்பது இந்தத் தொல்லைகளில் பலவற்றைத் தவிர்க்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அம்மாவுக்குச் செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் வழியாக, ஒரே பதிவு எண்ணில், நான்கு மணி நேர இடைவெளியுள்ள சீட்டை எடுத்திருக்கிறேன். மிகக் குறுகிய சீட்டைவிட இது இரண்டரை மணி நேரம் கூடுதல். கட்டணமும் சற்று அதிகம். நள்ளிரவு தாண்டிச் சென்னையில் ஏறுவதால் முதல் பயணத்தின் பெரும்பகுதி அவர் வழக்கமாக உறங்கும் நேரத்தில் போய்விடும். இரண்டாவது பயணம் முழுக்கப் பகல் வெளிச்சம். இரண்டிலும் கழிப்பறைக்கு நான்கு வரிசை முன்னால் ஓர இருக்கை பதிவு செய்தேன். ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டில் சைவ உணவும், சக்கர நாற்காலியும் மூன்று இடங்களுக்கும் பதிவாகியிருப்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்தேன். மாறும் ஊரில் கேட்க வேண்டிய இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பெரிய எழுத்தில் எழுதிக் கடவுச்சீட்டு உறையில் வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நேற்று அழைத்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: அந்த நான்கு மணி நேரத்தில் நடப்பதற்கு இடம் இருக்குமா என்று. பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தின் முதல் முனையத்தில் உள்ள நீண்ட நடைபாதைகளைப் பற்றிச் சொன்னேன். அப்படியானால் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார்.